கண்டென்சர் மைக்ரோபோனும் புற மின்வழங்கு பெட்டியும்

ஒலிப்பதிவுக்கென வாங்கப்பெற்ற கண்டென்சர் மைக்ரோபோன் ஒன்றைப் பழைய ஆம்ப்ளிபயர் ஒன்றுடன் இணைத்து, ஒலியளவை முழுவதும் கூட்டிய பின்னரும் சிறு ஓசைகூட எழாமல் போவது அடிக்கடி நிகழ்வதுண்டு. மைக்ரோபோன் பழுதுற்றதென்று கருதி அதனைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர். பழுது பார்ப்பவரின் மேசையிலோ அது செவ்வனே இயங்குகிறது. இங்கே மைக்ரோபோனிலும் குறையில்லை, ஆம்ப்ளிபயரிலும் குறையில்லை. முன்னதற்கு வேண்டிய மின்சாரத்தை அளிக்கும் ஏற்பாடு பின்னதில் இல்லை என்பதே காரணமாகும். இவ்விரண்டுக்கும் இடையே வைக்கப்பெறும் சிறு மின்வழங்கு பெட்டி ஒன்று இக்குறையை நீக்கவல்லது.

கல்வி நிலையங்கள் சமுதாய வானொலி நிலையம் அமைத்துக்கொள்ள மத்திய அரசு 2002-ஆம் ஆண்டில் வழி வகுத்தது. 2006-ஆம் ஆண்டின் கொள்கை அவ்வாய்ப்பைத் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் விரிவாக்கியது. அதன் பயனாக, உழவர் பேச்சையும் முதியோர் பாடலையும் வகுப்பறைச் சொற்பொழிவையும் பதிவு செய்யும் பொறுப்பு, ஒலிப் பொறியியல் பயிலாத களப்பணியாளரிடத்தும் ஆசிரியரிடத்தும் வந்து சேர்ந்துள்ளது. இத்தகைய பதிவுகளுட் பல, மீண்டும் செய்ய இயலாதவை. தள்ளாத வயதில் ஒருவர் நடவுப் பாட்டைப் பாடி முடித்த பின்னர், 'மைக் வேலை செய்யவில்லை. இன்னொரு முறை பாடுங்கள்' என்று கேட்பது எளிதன்று. கேட்டாலும் முதல் முறை வந்தது திரும்ப வருமென்பதற்கு உறுதியில்லை. ஆகவே அப்பெட்டி செய்யும் பணி யாது, செய்யாத பணி யாது என்பதனை அறிந்திருத்தல் நலம்.

மின்சாரம் எதற்காக?

மேடைகளிற் பெரிதும் காணப்படும் இயங்குசுருள் மைக்ரோபோனில், அதாவது 'டைனமிக்' எனப்படும் வகையில், காந்தப் புலத்தினுள் ஒரு சிறு கம்பிச் சுருள் ஒலியலையால் அசைகிறது. அந்த அசைவே மின்சாரத்தைத் தோற்றுவிக்கிறது. அதற்குப் புறமின்சாரம் தேவையில்லை. கண்டென்சர் மைக்ரோபோனின் அமைப்பு வேறானது. மிக மெல்லிய சவ்வு ஒன்றும், அதற்குப் பின்னால் மயிரிழை இடைவெளியில் அசையாத தகடு ஒன்றும் சேர்ந்து ஒரு மின்தேக்கியாக அமைகின்றன. அதனில் மின்னேற்றம் நிலையாக இருக்கும்போது சவ்வு அசைந்தால், இடைவெளி மாறுவதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. 1916-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த இ. சி. வென்டே அமைத்த மைக்ரோபோன் இத்தத்துவத்தின் மீது எழுந்ததே. சவ்வு சுருளைவிடப் பன்மடங்கு இலேசானது. எனவே நுண்ணிய ஒலிகளையும் உயர்ந்த அதிர்வெண்களையும் அது தவறாது பற்றிக்கொள்கிறது.

ஆயின் இங்கு இரண்டு தேவைகள் எழுகின்றன. சவ்வுக்கும் தகட்டுக்கும் மின்னேற்றம் அளிக்க வேண்டும் என்பது ஒன்று. மற்றது இதனினும் முக்கியமானது. அம்மின்தேக்கி மிகச் சிறியது. அதிலிருந்து எழும் மின்குறியை நேரே ஒரு நீண்ட வடத்தினுள் அனுப்பினால், வடத்திற்கே உரிய மின்தேக்குத் தன்மை அதனை விழுங்கிவிடும். ஆதலால் சவ்வுக்கு மிக அருகிலேயே, மைக்ரோபோனின் உடலுக்குள்ளேயே, ஒரு சிறு பெருக்கிச் சுற்று வைக்கப்படுகிறது. அதனை இயக்கவும் மின்சாரம் வேண்டும். 1962-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கிய 'எலெக்ட்ரெட்' மைக்ரோபோனில் மின்னேற்றம் ஒரு மென்படலத்தில் நிலையாகவே தங்கியிருப்பதால் முதல் தேவை நீங்கிற்று, இரண்டாவது நீங்கவில்லை. 'எலெக்ட்ரெட் என்றால் மின்சாரம் வேண்டா' என்னும் பரவலான கருத்து தவறானது.

இரு கம்பியில் இரு பணி

முற்காலத்துக் கண்டென்சர் மைக்ரோபோன்கள் வால்வு கொண்டு இயங்கின. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு மின்சாரமும், அதன் தகட்டுக்கு 100 வோல்ட் அளவிலான மற்றொரு மின்சாரமும் வேண்டியிருந்தன. அவற்றுக்கெனத் தனிப்பெட்டியும் பல கம்பிகள் அடங்கிய தடித்த வடமும் ஒவ்வொரு மைக்ரோபோனுடனும் சென்றன. டிரான்ஸிஸ்டர் வந்தபின் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமே போதுமென்றாயிற்று. அவ்வளவு சிறிய மின்னோட்டத்திற்காகத் தனிக்கம்பி இழுப்பதேன், ஒலி செல்லும் கம்பிகளிலேயே அதனையும் அனுப்பலாகாதா என்னும் கேள்வி பிறந்தது.

விடை தொலைபேசித் துறையில் முன்னமே இருந்தது. இரண்டு கம்பி இணைகளைக் கொண்டு, புதிய கம்பி எதுவும் இழுக்காமல், மூன்றாவது உரையாடல் ஒன்றையும் அனுப்பும் முறை தொலைபேசிப் பொறியாளர்களுக்குத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத அம்மூன்றாவது சுற்றை அவர்கள் 'ஃபான்டம்', அதாவது மாயச் சுற்று, என்றழைத்தனர். அப்பெயரே மைக்ரோபோன் மின்சாரத்திற்கும் வந்து ஒட்டிக்கொண்டது. மாயம் என்பது பெயரளவில்தான். இதிற் புரியாதது எதுவுமில்லை.

மைக்ரோபோன் வடத்தில் இரு கம்பிகளும், அவற்றைச் சூழ்ந்த கம்பிவலைக் கவசமும் உள்ளன. ஒலிக்குரிய மின்குறி இரு கம்பிகளுக்கும் இடையேயுள்ள வேறுபாடாகவே செல்கிறது. ஒன்று உயரும்போது மற்றது தாழும். ஆம்ப்ளிபயரும் அவ்வேறுபாட்டையே எடுத்துக்கொள்கிறது. இப்பொழுது இரு கம்பிகளையும் கவசத்தை நோக்க ஒரே அளவாக 48 வோல்ட் உயர்த்தினால், அவற்றிடையே வேறுபாடு எதுவும் தோன்றாது. இரு படகுகள் மிதக்கும் குளத்தில் நீர்மட்டம் உயர்ந்தால் இரண்டும் சேர்ந்தே உயருமன்றோ? ஒரு படகு மற்றதைவிட எவ்வளவு உயரத்தில் உள்ளதென்று அளப்பவனுக்கு நீர்மட்டம் உயர்ந்தது தெரியவே தெரியாது. ஒலி அவ்வாறே பாதிப்பின்றிச் செல்கிறது. மின்சாரமோ இரு கம்பிகளின் வழியே சமமாகச் சென்று, மைக்ரோபோனை இயக்கி, கவசத்தின் வழியே திரும்புகிறது. இரு கம்பிகளும் சமமாயிருத்தல் என்னும் இந்த ஒன்றை நினைவிற் கொண்டால், பின்னர்க் கூறப்படும் விதிகள் யாவும் தாமே விளங்கும்.

48 என்னும் எண்ணுக்கு ஒரு சிறு வரலாறு உண்டு. பெர்லினில் கியோர்க் நொய்மன் 1928-ஆம் ஆண்டில் தொடங்கிய மைக்ரோபோன் நிறுவனம், 1966-ஆம் ஆண்டில் தன் புதிய டிரான்ஸிஸ்டர் மைக்ரோபோன்களை நார்வே நாட்டு வானொலிக்கு அளிக்க முன்வந்தது. குளிர்காலத்தில் பகலொளி குன்றும் அந்நாட்டில், ஒலிபரப்பு நிலையத்தின் துணை விளக்குகளுக்கென 48 வோல்ட் மின்வழங்கல் ஏற்கெனவே இருந்தது. அதனையே மைக்ரோபோன்களுக்கும் பயன்படுத்துவது என்று முடிவாயிற்று. விளக்குக்காக வைத்திருந்த அழுத்தம் உலகெங்கும் மைக்ரோபோனின் அளவாக நிலைத்துவிட்டது.

பெட்டிக்குள் இருப்பது

இன்றைய சர்வதேச நியமத்தின்படி அழுத்தம் 48 வோல்ட். அதில் 4 வோல்ட் கூடவோ குறையவோ இருக்கலாம். ஒவ்வொரு கம்பிக்கும் 6,800 ஓம் மின்தடை வழியாக மின்சாரம் செல்கிறது. இம்மின்தடைகளின் மதிப்பு 6,800-இலிருந்து சிறிது விலகுவதாற் கேடில்லை. ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று 0.4 விழுக்காட்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 27 ஓமுக்கு மேல், வேறுபடலாகாது. காரணம் முன்னர்க் கூறிய சமநிலையேயாகும். கடைத்தெருவில் கைக்கு வந்த இரு மின்தடைகளைப் பொருத்திப் பெட்டி செய்துகொள்வோர் இதனைக் கருத்திற் கொள்வதில்லை. பின்னர் எழும் உறுமலுக்கு வடத்தைக் குறை கூறுகின்றனர்.

பெட்டியின் வெளிவாயிலில் இரு மின்தேக்கிகள் உள்ளன. அவை ஒலியாகிய மாறுமின்சாரத்தை விட்டு, நேர்மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. ஆகவே 48 வோல்ட் மைக்ரோபோனின் பக்கம் மட்டுமே செல்லும். ஆம்ப்ளிபயரின் பக்கம் செல்லாது. பெட்டியிற் பெருக்கிச் சுற்று எதுவும் இல்லையென்பதும் கவனிக்கத்தக்கது. அதனைச் சேர்த்தால் ஒலி பெருகுமென்று எதிர்பார்த்து வாங்குவோர் ஏமாற்றம் அடைவர். மைக்ரோபோனிலிருந்து வந்த அளவே வெளியிலும் செல்கிறது; அதனை உயர்த்துவது ஆம்ப்ளிபயரின், அல்லது பதிவுக் கருவியின் பொறுப்பு.

உயர் வகுப்பு ஆசிரியர்க்கு இப்பெட்டி ஓம் விதியைக் கற்பிக்கவும் பயன்படும். மைக்ரோபோனைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை நேர்மின்னழுத்த அளவில் வைத்து, மூன்று முள் இணைப்பின் 1-ஆம் முனைக்கும் 2-ஆம் முனைக்கும் இடையே அளந்தால் 48 வோல்ட் காட்டும். 1-க்கும் 3-க்கும் இடையே அதுவே. 2-க்கும் 3-க்கும் இடையே ஒன்றுமில்லை. பின்னர் மீட்டரை மில்லி ஆம்பியர் அளவுக்கு மாற்றி 1-க்கும் 2-க்கும் இடையே வைத்தால் 7 மில்லி ஆம்பியர் அளவு காட்டும். 48-ஐ 6,800-ஆல் வகுத்து மாணவரே சரிபார்க்கலாம். மைக்ரோபோன் 4 மில்லி ஆம்பியர் எடுத்துக்கொள்வதாயின், இரு மின்தடைகளும் பக்க இணைப்பில் 3,400 ஓமாக நிற்க, அவற்றில் 13.6 வோல்ட் இழக்கப்பட்டு 34.4 வோல்ட் மைக்ரோபோனைச் சேரும். நியமம் அனுமதிக்கும் 10 மில்லி ஆம்பியரையும் எடுத்துக்கொள்ளும் மைக்ரோபோனுக்கு 14 வோல்ட்தான் எஞ்சும். இது குறையன்று, அம்மைக்ரோபோன்கள் இதனை எதிர்பார்த்தே அமைக்கப்பெற்றவை.

அரைகுறை மின்சாரம்

மின்சாரம் அறவே இல்லையெனில் மைக்ரோபோன் ஊமையாகிவிடும். தவறு உடனே தெரிந்துவிடும். அரைகுறையாக மின்சாரம் பெறும் மைக்ரோபோனே அபாயமானது. 48 வோல்ட் வேண்டிய மைக்ரோபோன்களுட் சில 18 வோல்ட்டிலும் ஒலி தரும். சோதனைக்காக ஒருவர் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொல்லும்போது குறை எதுவும் தென்படாது. பாடகர் குரலை உயர்த்தும்போதோ, ஷெனாய் அல்லது டோலக் அருகில் முழங்கும்போதோ, உட்சுற்று தன் எல்லையை எட்டி ஒலியலையின் முகடுகளை வெட்டிவிடுகிறது. ஒலி கரகரக்கிறது, பதிவான பின்னர் அதனைச் செவ்வையாக்க வழியில்லை.

விலை குறைந்த பெட்டிகளுட் சில, இரண்டு 9 வோல்ட் பாட்டரிகளைத் தொடரிணைப்பில் வைத்து 18 வோல்ட் மட்டுமே அளிக்கின்றன. வேறு சில, ஒரே பாட்டரியின் அழுத்தத்தை மின்னணுச் சுற்றினால் 48-ஆக உயர்த்துகின்றன. நியமத்தில் 12, 24 வோல்ட் முறைகளுக்கும் இடமுண்டு. ஆகவே பெட்டியின் மேலுள்ள எண்ணையும் மைக்ரோபோனின் குறிப்பேட்டிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்க வேண்டும். '9 முதல் 52 வோல்ட் வரை' என்று குறித்த மைக்ரோபோனுக்கு எப்பெட்டியும் ஏற்றது. '48 வோல்ட்' என்று மட்டும் குறித்ததற்கு 48 வோல்ட் பெட்டியே வேண்டும்.

அழுத்தத்தை உயர்த்தும் பெட்டியின் பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதனைக் கணக்கிடலாம். 4 மில்லி ஆம்பியர் எடுக்கும் மைக்ரோபோனுக்கு 48 வோல்ட்டில் 0.19 வாட் செலவாகிறது. மாற்றும்போது ஐந்தில் ஒரு பங்கு வீணாகுமென்று கொண்டால், 9 வோல்ட் பாட்டரியிலிருந்து ஏறத்தாழ 27 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டும். 500 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளும் நல்ல அல்கலைன் பாட்டரி கணக்கின்படி 18 மணி நேரம் உழைக்கும். களத்தில் அதிற் பாதியையே நம்புதல் உசிதம். சாதாரண மலிவுப் பாட்டரிக்கு அதுவும் இல்லை. முக்கியமான பதிவுக்குச் செல்லும் நாளில் புதிய பாட்டரியை இடுவதும், நாள் முடிந்ததும் அதனைக் கழற்றிவிடுவதும் நல்ல பழக்கங்கள். பாட்டரி கசிந்து துருவேறிய பெட்டிகள் பல நிலையங்களின் அலமாரிகளில் உறங்குகின்றன.

இணைக்கும் முறை

ஆம்ப்ளிபயரின் ஒலியளவை முற்றிலும் குறைத்துவிட்டு, பெட்டியின் விசை அணைந்திருக்கும் நிலையில், மைக்ரோபோனிலிருந்து வரும் வடத்தைப் பெட்டியின் உள்வாயிலிலும், ஆம்ப்ளிபயருக்குச் செல்லும் வடத்தை வெளிவாயிலிலும் பொருத்த வேண்டும். அதன் பின்னரே விசையைப் போட வேண்டும். மின்தேக்கிகள் மின்னேற்றம் பெறச் சில விநாடிகள் கழிந்தபின் ஒலியளவை மெல்ல உயர்த்தலாம். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகக் கொள்க. இவ்வொழுங்கைப் புறக்கணிப்பவர் ஒலிபெருக்கியில் வெடிபோன்ற சத்தத்தைக் கேட்பர்; ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்தாலும் வியப்பில்லை.

உள்வாயில் துளைகளும் வெளிவாயில் முட்களும் உடையதாகையால், கடையில் வாங்கிய வடங்களை மாற்றிச் செருக இயலாது. உள்ளூரில் பற்றவைத்துச் செய்துகொண்ட வடங்களில்தான் இம்முறை தவறுகிறது. அவ்வாறு நேரின் 48 வோல்ட், அதனை எதிர்பாராத ஆம்ப்ளிபயரினுள் புகக்கூடும். ஐயமிருப்பின், இணைக்குமுன் வெளிவாயிலில் மீட்டரை வைத்துப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. மிக்ஸரிலேயே ஃபான்டம் வசதி இருந்தால் புறப்பெட்டி தேவையில்லை. இரண்டையும் ஒருசேர இயக்கலாகாது.

பெட்டியுடன் வந்த அடாப்டரையே அதற்குப் பயன்படுத்த வேண்டும். சில பெட்டிகள் நேர்மின்சார அடாப்டரையும் வேறு சில மாறுமின்சார அடாப்டரையும் வேண்டுபவை. செருகி பொருந்துவதால் மட்டும் அடாப்டர் பொருந்திவிட்டதாகாது.

இயங்குசுருள் மைக்ரோபோனைத் தவறுதலாக இப்பெட்டியில் இணைத்துவிட்டால் என்னாகும் என்று பலர் அஞ்சுவர். வடம் சரியாக இருப்பின் ஒன்றும் ஆகாது. சுருளின் இரு நுனிகளிலும் ஒரே 48 வோல்ட் நிற்பதால் அதன் வழியே மின்சாரம் பாய இடமில்லை. ஆனால் பழைய பொதுக்கூட்ட மைக்ரோபோன்கள் பலவற்றில் சுருளின் ஒரு நுனி கவசத்துடன் சேர்க்கப்பட்டுள்ளது. பெரிய ஜாக் செருகியுள்ள இரு முனை வடங்கள் இத்தகையவை. அங்கே சமநிலை கெடுகிறது. மின்சாரம் சுருளின் வழியே ஓடத் தலைப்படுகிறது. காகிதத்தினும் மெல்லிய உலோக நாடாவைக் கொண்ட பழைய ரிப்பன் மைக்ரோபோனுக்கு, வடத்தில் ஒரு கம்பி கவசத்தைத் தொட்டிருப்பதே போதும். நாடா இழுபட்டுக் கெடலாம். அவ்வகை மைக்ரோபோனை இப்பெட்டிக்கு அருகிலும் கொண்டுவராதிருத்தல் நன்று.

கணினியிலும் சிறு பதிவுக் கருவிகளிலும் உள்ள 3.5 மில்லி மீட்டர் துளையில் 2 முதல் 5 வோல்ட் அளவில் ஒரு மின்சாரம் கிடைக்கும். சட்டையில் குத்தும் சிறு எலெக்ட்ரெட் மைக்ரோபோனுக்கு அது உணவாகும். அது ஃபான்டம் மின்சாரம் அன்று. பெரிய கண்டென்சர் மைக்ரோபோனை இயக்காது. மறுதலையாக, அச்சிறு மைக்ரோபோனை வெறும் மாற்றுச் செருகி ஒன்றின் உதவியால் 48 வோல்ட்டில் இணைப்பது அதன் முடிவாகும். அவ்வாறே, வால்வு மைக்ரோபோனுடன் வரும் தனிப்பெட்டியும் ஃபான்டம் பெட்டியும் ஒன்றல்ல. ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றாகக் கொள்ள முடியாது.

களத்தில் பழுதறிதல்

ஒரே வடத்தில் இயங்குசுருள் மைக்ரோபோன் ஒலிக்கிறது, கண்டென்சர் ஒலிக்கவில்லை என்றால், பெட்டியைக் குறை கூறுமுன் வடத்தின் கவசத்தைச் சோதிக்க வேண்டும். ஒலிக்கு இரு கம்பிகளே போதும். கவசம் அறுந்திருந்தாலும் இயங்குசுருள் மைக்ரோபோன் சிறிது உறுமலுடனேனும் பேசும். ஃபான்டம் மின்சாரத்திற்கோ திரும்பும் வழியே கவசந்தான். அது அறுந்தால் கண்டென்சருக்கு மின்சாரமில்லை. இதற்கு மாறாக, இரு கம்பிகளுள் ஒன்று அறுந்தால் இயங்குசுருள் மைக்ரோபோன் ஊமையாகும்; கண்டென்சர், மற்றொரு கம்பியின் வழியே மின்சாரம் பெற்று, நலிந்த இரைச்சலுடன் ஒலித்துக்கொண்டிருக்கக்கூடும். ஆகவே எப்பொழுதும் ஓர் இயங்குசுருள் மைக்ரோபோனை உடன் எடுத்துச் செல்லுதல் தகும். அது மாற்றுக் கருவியாகவும் சோதனைக் கருவியாகவும் உதவும்.

தாழ்ந்த உறுமல் கேட்டால், அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் பாட்டரியால் இயக்கிப் பார்க்க வேண்டும். உறுமல் நின்றால் குற்றம் அடாப்டருடையது, அல்லது அக்கட்டடத்தின் நில இணைப்பினுடையது. நிற்காவிடில், மைக்ரோபோன் வடம் மின்சார வடத்தை ஒட்டி நெடுந்தூரம் ஓடுகிறதா என்று பார்த்து விலக்க வேண்டும். குறுக்கே கடக்க நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும்.

மழைக்காலத்திலும் கடற்கரைப் பகுதிகளிலும் எழும் சடசடப்புக்கு மட்டும் காரணம் முற்றிலும் வேறு. சவ்வின் மின்னேற்றத்தைக் காக்கும் மின்தடை 100 கோடி ஓம் அளவினது. அதன் மீதும் சவ்வைத் தாங்கும் வளையத்தின் மீதும் படியும் ஈரம், மின்னேற்றம் சிறிது சிறிதாகக் கசிவதற்கு வழி செய்கிறது. அக்கசிவே சடசடவென ஒலிக்கிறது. பெட்டியையும் வடத்தையும் மாற்றியும் அது நிற்பதில்லை. குளிரூட்டிய அறையிலிருந்து மைக்ரோபோனை நேரே வெளியே கொண்டுவந்தால் அதன் மீது நீர் படியுமாகையால், உறையினுள்ளேயே வைத்து அரை மணி நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக்கிய பின் எடுக்க வேண்டும். பணி முடிந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் வைத்தல் வேண்டும். சடசடக்கும் மைக்ரோபோனை வெயிலிலோ விளக்கின் சூட்டிலோ காட்டி உலர்த்த முற்படுதல் கூடாது. ஓரிரவு சிலிக்கா ஜெல்லுடன் மூடி வைத்து மறுநாள் ஒலித்துப் பார்த்தால் போதும். அப்பொழுது சடசடப்பு மறைந்திருக்குமாயின், மின்வழங்கு பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை.